ஒத்திகை இடமாற்றம்

எங்கள் துறையில் மூன்று ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு இடமாற்ற ஆணைகள் வந்தன. அவற்றால் ஒருவர்கூட இடம் மாறவில்லை. இதற்காக எங்கள் துறைக்கு ஒரு கேடயமும் ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்பதால் இந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் என்னைக் கொஞ்சம் கெட்டிக்காரனாகக் காட்டிவிடக்கூடும்.

எங்களுடையது எடை அளவு சோதனைத் துறை. கடைகளில் இருக்கும் தராசு, எடைக்கல், அளவுக் குடுவை இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. இருபத்திரண்டு கிளைகள், அறுநூற்று நாற்பது ஊழியர்கள். நான் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. மூன்றில் மின்விசிறிக்குத்தான் விடுப்பு அதிகம்.

என் மனைவியும் இதே துறைதான். அப்போது பதினேழாம் கிளையில் ஆய்வாளர். பதினேழாம் கிளை மலைமேல் இருக்கிறது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம், அதில் கடைசி இரண்டு மணி நேரம் வளைவுகள். மகள் அவளோடு இருந்தாள். அப்போது ஒன்றரை வயது. மாதத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். ஒருமுறை நான் உள்ளறையில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "உங்க அப்பா எங்கடா கண்ணு?" என்று கேட்டார். குழந்தை அலமாரியில் சார்ஜில் கிடந்த போனை நோக்கிக் கையைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் வெளியே வந்து சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

சரி, இடமாற்றம் போட நான் எழுதிய நிரலுக்கு வருகிறேன். அதன் பெயர் 'மாற்று'. பெரிய மென்பொருள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம், எண்பது வரி ஸ்கிரிப்ட். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பின்னால் இடம் விட்டு இடம் விட்டு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஊழியர் எண், இப்போது இருக்கும் கிளை, போகவேண்டிய கிளை. இப்படிப் பெயருக்குப் பின்னால் கொடுப்பவற்றை எங்கள் தொழிலில் ஆர்க்யுமென்ட் என்போம். 'மாற்று 2208 17 1' என்று தட்டி எண்டரை அழுத்தினால் 2208 என்ற ஊழியர் பதினேழாம் கிளைப் பட்டியலிலிருந்து நீங்கி ஒன்றாம் கிளைக்கு, அதாவது தலைமை அலுவலகத்துக்கு, வந்துவிடுவார். ஆணையும் அச்சாகி வெளியே வந்துவிடும். 2208 என் மனைவியின் எண். ஓர் உதாரணத்துக்காகச் சொன்னேன்.

மூன்று ஆர்க்யுமென்ட் கொடுத்தால் நிரல் ஒழுங்காக வேலை செய்யும். குறைவாகக் கொடுத்தால் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை. எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒரு வரி போதும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது அது. நான் ஏழு வருட அனுபவசாலி என்பதால் அந்த வரியை எழுதவில்லை.

பணியாளர் பிரிவு எழுத்தரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா ஒரு திங்கள்கிழமை காலை, பதினேழாம் கிளைக்கு யார் யார் மாறிப் போயிருக்கிறார்கள் என்று பார்க்க நினைத்து 'மாற்று 17' என்று தட்டினார். என் நிரல் கடைசியாக வந்ததைப் போகவேண்டிய கிளை என்று எடுத்துக்கொண்டது. யாரை என்று சொல்லவில்லையே என்று தேடியது. யாரையும் குறிப்பிடவில்லை என்றால் எல்லோரையும்தான் சொல்கிறார்கள் என்று தானாக முடிவு செய்தது. அறுநூற்று நாற்பது பேரும் பதினேழாம் கிளைக்கு மாற்றப்பட்டார்கள். அச்சு இயந்திரம் மதியம் வரை ஓயவில்லை.

யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆணையில் முத்திரை இருந்தது. முத்திரை குத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள் முத்திரையைச் சந்தேகப்பட மாட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இயக்குநர் தன் ஆணையைத் தானே வாங்கி, தானே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு, வண்டி ஏறினார்.

புதன்கிழமை மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ் மொத்தமும் எங்க வாசல்ல நிக்குது."

"எத்தனை பேர்?"

"எண்ண முடியல. ரெண்டு ரூமு, ஒரு பாத்ரூமு. வரிசை ரோட்டைத் தாண்டிப் போயிருக்கு. உங்க டைரக்டர் மாடிப்படியில உக்காந்திருக்காரு. குளிர்ல நடுங்கறாரு, பாவம், என் ஸ்வெட்டரைக் குடுத்திருக்கேன்."

"பூப் போட்ட ஸ்வெட்டரா?"

"வேற எது இருக்கு நம்மகிட்ட? எல்லாரும் வந்தாங்க, நீங்க மட்டும் ஏன் வரல?"

என் ஆணையை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் வந்திருந்தது. அறுநூற்று நாற்பது பேரில் அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்ட ஒரே ஆள் நான். ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒருவன் வேண்டும் என்பதால் நான் மட்டும் போகவில்லை.

எல்லோரும் திரும்பி வந்ததும் விசாரணைக் குழு உட்கார்ந்தது. இயக்குநருக்கு இருமல் நிற்கவில்லை. "தப்பு பண்றது மனுஷ சுபாவம்" என்று இருமலுக்கு நடுவே சொன்னார். "ஆனா இந்த அளவுக்குப் பண்ணினா அது மனுஷன் பண்ணினதுன்னு யாரும் நம்பமாட்டாங்க. அதனால இயந்திரக் கோளாறுன்னு எழுதிடலாம். தம்பி, இனிமே இந்த மாதிரி நடக்கவே கூடாது. நடக்கவே கூடாது. புரியுதா?"

புரிந்தது. அதாவது, எனக்குப் புரிந்தது ஒன்று, அவர் சொன்னது வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அசடு வழியாத ஒரு வேலை செய்யவேண்டும் என்று முடிவு கட்டி, நான் அந்த நிரலைத் திருத்தி எழுதினேன். மூன்று ஆர்க்யுமென்டுக்குக் குறைந்தால் ஏற்காது, எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பை மட்டும் காட்டும். மூன்றும் சரியாக இருந்தாலும் முதலில் ஒத்திகைதான் பார்க்கும். யார் எங்கே போவார்கள் என்று காட்டும், ஆணையின் மாதிரியை அச்சடிக்கும், ஆனால் ஊழியர் பட்டியலைத் தொடாது. நிஜமாகவே மாற்ற வேண்டும் என்றால் கட்டளையின் கடைசியில் '--உண்மையாக' என்ற ஆப்ஷனைத் தட்டவேண்டும். அதன் பின்னால் '--பொறுப்பு' என்ற இன்னோர் ஆப்ஷனைப் போட்டு, தட்டுகிறவர் தன் பெயரையும் கொடுக்கவேண்டும். அந்தப் பெயர் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பில் ஏறும். அதை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும்கூட. இதை எழுதி முடித்த அன்று நான் எனக்கே கை கொடுத்துக்கொள்ளாத குறை.

அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். எங்கள் கண்காணிப்பாளருக்கு 'இருக்கட்டும்' என்று பெயர். எந்தக் கோப்பை நீட்டினாலும் அதைத்தான் சொல்வார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார்.

"பேர் போடலேன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். ஒத்திகை மட்டும் ஓடும்."

"எரர் வருமா?"

"வராது."

"ஆணை அச்சாகுமா?"

"ஆகும் சார். மாதிரி ஆணை. 'மாற்றப்பட்டார்'னு வரும், பக்கத்துல அடைப்புக்குறியில 'ஒத்திகை'ன்னு போட்டிருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவர் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அந்த அடைப்புக்குறியை எடுத்துடுங்க. ஆணை ஒரு பக்கத்துல முடியாம ரெண்டாவது பக்கத்துக்குப் போகுது. காகிதம் வீண்."

நான் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி, அரை நிமிட வேலை. ஏன் எடுத்தாய் என்று இன்றைக்குக் கேட்டால், காகிதச் சிக்கனம் என்றுதான் சொல்வேன். உண்மையில் பெரியவர் ஒருவர் என் நிரலைப் பற்றிப் பேசியதிலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் துறையில் இடமாற்றம் மளமளவென்று நடக்கத் தொடங்கியது. மனுப் போட்ட மறுநாளே ஆணை. முன்பு ஆறு மாதம் ஆகும். ஆணை கையில் கிடைத்தவருக்குக் கிளையில் பிரிவுபசார விழா நடத்துவார்கள். அவர் போய்ச் சேர்ந்தால் புதுக் கிளையின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். பழைய கிளையின் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவரும் விழாவில் வாங்கிய பரிசைத் திருப்பித் தரமாட்டார்.

எங்கள் அலுவலக ஓட்டுநர் துறைமுகத்துப் பக்கம் ஒன்பதாம் கிளைக்கு மாற்றம் கேட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, அங்கே தனியாக இருக்கிறார். மூன்று ஆண்டுகளில் அவருக்குப் பதினோரு ஆணை வந்தது. பதினோரு விழா, பதினோரு சுவர்க்கடிகாரம். ஒவ்வொரு விழாவிலும் இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்து, "உன்னை மாதிரி ஒரு ஓட்டுநர் எனக்கு இனிமே கிடைப்பாரா?" என்று தழுதழுப்பார். பிறகு அதே ஓட்டுநர் அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவார்.

நல்ல முறை என்றால் பரவத்தானே செய்யும். மற்றப் பிரிவுகளும் என்னிடம் வந்து ஒத்திகை கேட்டன. விடுப்புக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். விடுப்பு அனுமதிக்கப்பட்டவர் ஒத்திகையாக விடுப்பில் இருந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார். கட்டடப் பிரிவு கழிப்பறைக் கதவை ஒத்திகையாகச் சரிசெய்தது. உள்ளே போகிறவர் ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சரிசெய்யப்பட்டது என்ற அட்டை மட்டும் கதவில் உறுதியாக ஆணியடித்துத் தொங்கியது. எங்கள் துறையில் ஒத்திகை பார்க்கப்படாத ஒரே விஷயம் தீ விபத்து ஒத்திகைதான். அதற்கு எல்லோரும் கீழே இறங்கி வெயிலில் நிற்கவேண்டும், அதனால் யாருக்கும் பிடிக்காது.

கேடயம் வாங்கிய நாளில் இயக்குநர் பேசியதை அப்படியே தருகிறேன். "மூணு வருஷத்துல நாம போட்ட ஆணைங்க மேல ஒரு வழக்கு கிடையாது. ஒரு மேல்முறையீடு கிடையாது. ஒரு திருத்தம் கிடையாது. எப்படி முடிஞ்சுது? சில பேர் யோசிக்காம செஞ்சுடுவாங்க. சில பேர் செஞ்சுட்டு யோசிப்பாங்க. நாம ரெண்டையும் தவிர்த்திருக்கோம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். பேச்சின் நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி அறிமுகம் வேறு செய்தார்.

அந்தப் பொறுப்புக் கோப்பை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். மூன்று ஆண்டுகளில் அதில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. துடைத்துவைத்த தட்டுப்போல இருந்தது.

இந்த நானூற்றுப் பன்னிரண்டில் என் மனைவியின் ஆணை மூன்று. முதல் இரண்டு வந்தபோது நானே போனில் சொல்லிவிட்டேன், கிளம்பாதே என்று. மூன்றாவது வந்தபோது நிலைமை வேறு. இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் வந்தால் குழந்தையை இங்கே சேர்க்கலாம். இல்லாவிட்டால் அங்கே சேர்த்துவிட வேண்டியதுதான், சேர்த்துவிட்டால் நடுவில் பிடுங்க முடியாது. அப்புறம் வருடக்கணக்கில் நான் போனில்தான் அப்பா. இந்த முறை அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "உங்க வீட்டம்மா கேஸை மட்டும் மேல சொல்லியிருக்கேன். இது நிஜம்."

நம்பினேன். நிரலை எழுதியவன் நான், அதில் நிஜமாக நடக்க என்னென்ன வேண்டும் என்று தெரிந்தவன் நான், கோப்பைத் திறந்து பார்த்தால் பெயர் இருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். திறந்து பார்க்கவில்லை. நல்ல சேதி வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கை வராது. தராசு சோதிக்கும் துறையில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மனைவி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களோடும் குழந்தையோடும் வந்து இறங்கினாள். பஸ் நிலையத்திலிருந்து அவர்களை நேரே அலுவலகத்துக்கு ஏற்றிவந்தவர் எங்கள் ஓட்டுநர்தான். அக்கா பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். 2208 இன்னும் பதினேழாம் கிளையில் இருந்தது.

"ஆணையில மாற்றப்பட்டார்னு இருக்கே அக்கா" என்றாள் மனைவி.

"மாத்தியாச்சும்மா. பட்டியல்லதான் மாறல."

"பட்டியல்ல மாறாட்டி நான் எங்க வேலை பார்க்கிறேன்?"

"அங்கதான்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

அக்கா என்னைப் பார்த்தார். மனைவியும் என்னைப் பார்த்தாள். ஓட்டுநர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மொத தடவை அப்படித்தாங்கம்மா இருக்கும். அஞ்சாறு தடவை வந்தா பழகிடும்" என்றார். குழந்தை பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்து, என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எழுதினது யாரு?" என்று மனைவி கேட்டாள்.

"நான்தான்."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அது அனுமதிக்கப்பட்டது, எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு பெயரைத் தேடி அலுவலகம் முழுக்க அலைந்தேன். மூன்று எண், இரண்டு ஆப்ஷன், ஒரு பெயர். பெயர் மட்டும்தான் பாக்கி.

அக்கா, "எனக்கு ரிடையர் ஆக நாலு வருஷம் இருக்கு தம்பி. பேர் போடாமயே முப்பது வருஷம் ஓட்டிட்டேன். இப்பப் போட்டா கண்ணு பட்டுடும்" என்றார்.

கண்காணிப்பாளர் 'இருக்கட்டும்' என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, மத்தவங்க கஷ்டத்தைப் பார்த்து நான் பேர் போட ஆரம்பிச்சா, நாளைக்கு எல்லாரும் கஷ்டப்பட்டுக்கிட்டு வந்துடுவாங்க. இருக்கட்டும்."

கடைசியில் இயக்குநர். அவர் மேசையில் கேடயம் இருந்தது. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"தம்பி, முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் என் முழுப்பேரை ரெண்டு இடத்துலதான் எழுதியிருக்கேன். ஒண்ணு வேலையில சேர்ந்தப்போ. இன்னொண்ணு கல்யாணப் பதிவுல. ரெண்டும் எவ்வளவு தூரத்துக்கு இழுத்துட்டு வந்துடுச்சு பாருங்க."

"கையெழுத்து தினமும் போடறீங்களே சார்."

"அது இன்ன பேருன்னு யாராலயாவது படிக்க முடியுமா?" அவர் குரலில் நிஜமான பெருமை இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். பொறுப்புங்கறது ஒருத்தர் தலையில கட்டற விஷயம் இல்ல. அந்த இடத்துல கூட்டா 'துறை'ன்னு போடற மாதிரி மாத்த முடியுமான்னு ஒரு குழு போடறேன். நீங்கதான் உறுப்பினர்."

குழு போட்டார். ஆணை அன்றே வந்தது. அந்தக் குழு கூடவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். மனைவி அவளுடைய துணிகளைத் திரும்பவும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு.

"அதுல யார் பேரு வேணும்னாலும் போடலாமா?"

"ஊழியர் யாரா இருந்தாலும் போடலாம்."

"உங்க பேரு?"

"நீ என் மனைவி. சொந்தக்காரங்களுக்கு நானே மாற்றல் போட்டா நல்லா இருக்காது. விதிப்படி…"

"சரி. மத்த நானூத்துச் சொச்சம் பேரும் உங்க சொந்தக்காரங்களா?"

மூன்று ஆண்டுகளாக யாருக்கும் பெயர் போட மனம் வரவில்லை என்று ஊரையெல்லாம் கரித்துக் கொட்டியிருந்தேன். அந்த ஊரில் நானும் ஒருவன் என்பது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. அவள் குழந்தையின் சிவப்புச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எடைக்கல்லு குறைஞ்சா நான் கடைக்காரன் பேரைத்தான் எழுதுவேன். என் பேரையும் கீழ எழுதணும். எழுதாட்டி அதுக்கு மதிப்பில்ல" என்று சொல்லி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, எல்லோரும் இருக்கும்போதே, நான் தட்டினேன். 'மாற்று 2208 17 1 --உண்மையாக --பொறுப்பு', அதன் பின்னால் என் பெயர், தகப்பனார் பெயரோடு. எண்டர் விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கை வியர்த்து விசை வழுக்கியது, அதில் அழுந்திவிட்டதோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. 2208 பட்டியலில் மேலே ஏறி ஒன்றாம் கிளையில் வந்து உட்கார்ந்தது. மூன்று ஆண்டுகளில் எங்கள் துறையில் நடந்த முதல் காரியம் அது.

அத்தோடு நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநரின் எண் எனக்கு மனப்பாடம். இன்னொரு முறை அதே கட்டளையில் எண்ணை மட்டும் மாற்றித் தட்டியிருக்கலாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டார். பொறுப்புக் கோப்பின் அச்சுப்படி அவர் முன்னால் கிடந்தது. வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரி.

"என்ன தம்பி இது?"

"ஒரு மாற்றல் சார்."

"மாற்றல் பண்ணினது தப்பில்ல. நானூத்துப் பன்னெண்டு பேரை நாமளே மாத்தியிருக்கோம். பேர் இருக்குது பாருங்க, அதுதான் தப்பு. பேர் இருந்தா கேள்வி கேக்க ஆள் கிடைச்சுடும். ஒரு ஆளைக் கேட்டா அடுத்த ஆளைக் கேப்பான். மூணு வருஷமா சுத்தமா வச்சிருந்த கோப்பு." அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது. பதினேழாம் கிளைல இப்ப ஒரு இடம் காலி. அங்க உங்களைப் போடறேன்."

மனைவிக்கு இங்கே மாற்றல் ஆகி மூன்று நாள்தான் ஆகிறது. அன்று காலைதான் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன்.

"ஒத்திகையாகவா சார்?" என்று கேட்டேன்.

"தண்டனையை யாராவது ஒத்திகையாக் குடுப்பாங்களா? நிஜமாத்தான்."

அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு அன்றைக்குக் கைவிரலில் வலி. இருக்கட்டும் வந்து, படித்துப் பார்த்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது பட்டப்பெயரை. இயக்குநர் தானே விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, பொறுப்பு என்பது வரைக்கும் ஒற்றை விரலால் தட்டினார். அதற்குமேல் விரல் நகரவில்லை. கேடயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, கோப்புல ஏற்கெனவே உங்க பேரு இருக்கு. ஒரு பேர் இருந்தாலும் ரெண்டு தடவை இருந்தாலும் ஒண்ணுதான். நீங்களே போட்டுடுங்களேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தட்டியதை அழித்துவிட்டு, என் எண்ணையும் இரண்டு கிளை எண்களையும் தட்டினேன். ஆப்ஷன் எதுவும் போடவில்லை. எண்டர். திரையில் 'மாற்றப்பட்டார்' என்று வந்தது. ஆணை ஒரே பக்கத்தில் அழகாக அச்சானது. இயக்குநர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தழுதழுத்தார். மறுநாள் விழா, ஒரு சுவர்க்கடிகாரம்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். அந்த வாரம் வராந்தாவில் எதிர்ப்பட்ட இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "அங்க குளிர் எப்படி?" என்று கேட்டார். "பரவாயில்ல சார்" என்றேன். இப்போது பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், நானும் பருவத்துக்குத் தகுந்தபடி சொல்கிறேன். இருக்கட்டும் ஒருமுறை மலைத்தேன் கொஞ்சம் வாங்கிவரச் சொன்னார். எதிர்த்த கடையில் வாங்கிக் கொடுத்தேன், அங்கே கிடைக்கும் தேனே தனி என்றார். ஆரம்பத்தில் இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். கொஞ்ச நாளில் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நேற்று ஓட்டுநர் என் மேசைக்கு வந்தார். நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா விழுந்துட்டாங்க சார். இடுப்புல அடி. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு குடுக்கறாங்க." மடித்த மனுவை மேசையில் வைத்தார். "கடிகாரமெல்லாம் போதும் சார். நீங்க உங்க வீட்டு அம்மாவுக்கு ஒரு தடவை பேர் போட்டீங்களாமே. அதே மாதிரி எனக்கு ஒரு தடவை. உங்க பேரு மட்டும் போதும்."

கறுப்புத் திரை எதிரிலேயே திறந்திருந்தது. அவருடைய எண், ஒன்று, ஒன்பது. இரண்டு ஆப்ஷன். என் பெயர். கோப்பில் இன்னொரு வரி ஏறினால் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பட்டியலில் நான் இன்னும் இங்கேயே இருப்பது கண்ணில் படும். இருப்பது தெரிந்தால் இந்த முறை யாராவது எப்படியாவது ஒரு பெயரைப் போட்டுவிடலாம். இவ்வளவும் என் மனத்தில் ஓட ஒரு வினாடிகூட ஆகவில்லை. அவ்வளவு பழகியிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். "நான் இப்ப இங்க இல்லையே. பதினேழாம் கிளைலதானே இருக்கேன்."

ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. மேசையிலிருந்த மனுவை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க சார். அங்கேயிருந்து வந்ததும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி மூன்றரை ஆகியிருந்தது. குழந்தைக்குப் பள்ளி விடும் நேரம். அவளைக் கூட்டிவரத் தினமும் நான்தான் போகிறேன், நேற்றும் போனேன்.